கம்ப்யூட்டரோடு வரும் சாஃப்ட்வேரா, தனியாகக் காசு கொடுத்து வாங்குவதா? வேலூர்ப் பக்கம் கணினி வாங்குவோருக்கு

கணினிக் கடையில் கொட்டேஷன் கேட்டால் பெரும்பாலும் ஒரே வரியில்தான் எழுதித் தருவார்கள்: "ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, வித் விண்டோஸ், ஆஃபிஸ், ஆன்டிவைரஸ், டேலி, கம்ப்ளீட் செட்." அடியில் ஒரு தொகை. அந்த ஒரு வரிக்குள் நாலு தனிச் சரக்கு இருக்கிறது. ஒன்று இயந்திரத்தோடு பிறந்தது. ஒன்று ஆறு மாதத்தில் காலாவதியாகும் சலுகை. இன்னொன்று சில வாரம் மட்டும் ஓடும் சோதனைப் பதிப்பு. கடைசியாக உள்ள கணக்கு மென்பொருள் டேலி, பென்டிரைவிலிருந்து ஏற்றிவிடுவதாகவும் இருக்கலாம். நாலுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு, நாலும் நமக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆகவே முதல் வேலை, அந்த வரியைப் பிரித்து எழுதித் தரச் சொல்வது. எப்படிப் பிரிப்பது என்பதற்கு எங்கள் கணக்கு இதுதான்: பிராண்டட் லேப்டாப், டெஸ்க்டாப் என்றால் விண்டோஸ் மட்டும் பெட்டியோடு வரட்டும், மற்றதெல்லாம் தனி வரியில், தனி உரிமமாக, உங்கள் மின்னஞ்சலில். அசெம்பிள்டு என்றால் விண்டோஸும் தனி.

பெட்டியோடு வரும் விண்டோஸ் ஏன் மலிவு

மென்பொருளுக்குத் தனி விலை என்பதே பிறகு வந்த பழக்கம். 1969 ஜூன் வரை ஐபிஎம் இயந்திரம் எடுத்தவர்களுக்கு மென்பொருளும் அதற்குள் அடக்கம். இனி தனித்தனி விலை என்று அந்த மாதம்தான் ஐபிஎம் அறிவித்தது. மேசைக் கணினிக் காலம் வந்ததும் விண்டோஸ் மறுபடி பெட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

லட்சக்கணக்கில் உரிமம் எடுக்கும் கணினிக் கம்பெனிக்குக் கிடைக்கும் விலை வேறு, ஒன்றே ஒன்று வாங்கும் நமக்குக் கிடைக்கும் விலை வேறு. ஒரே மாடல் டாஸ் பதிப்பாகவும் (விண்டோஸ் இல்லாமல் வருவது) விண்டோஸ் பதிப்பாகவும் கிடைத்தால் இரண்டின் விலை வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, விண்டோஸைத் தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பெரும்பாலும் பெட்டியோடு வருவதே மலிவாக இருக்கும். "டாஸ் மாடல் எடுத்துக்குங்க சார், ஓஎஸ் நாங்க ஃப்ரீயா போட்டுத் தர்றோம்" என்று சொன்னால், அந்த ஃப்ரீ எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

மலிவுக்கு ஒரு கட்டு உண்டு. அந்த உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து சாவி எண் (ப்ராடக்ட் கீ) மதர்போர்டில் உள்ள பயாஸ் எனும் தொடக்க நிரலிலேயே எழுதப்பட்டு வருகிறது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றலாம், ரேம் கூட்டலாம், ஃபார்மட் அடிக்கலாம். விண்டோஸ் தானாக உயிர்பெறும். ஆனால் போர்டு போனால் உரிமமும் போனது. இன்னொரு கணினிக்கு எடுத்துப் போக முடியாது.

கொட்டேஷனில் எந்த விண்டோஸ் என்று பாருங்கள்

"விண்டோஸ் 11" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. நம் ஊரில் விற்கும் லேப்டாப்களில் நிறைய ஹோம் சிங்கிள் லாங்வேஜ் பதிப்பு. இதில் திரை மொழி ஒன்றே ஒன்றுதான். தமிழில் தட்டச்சு செய்யத் தடை இல்லை, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். மெனு, பொத்தான்களின் மொழியைத்தான் விரும்பியபடி மாற்ற முடியாது.

ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் கம்பெனி அலுவலகத்துக்கு வாங்குகிறீர்கள், வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தக் கணினிக்குள் நுழைய வேண்டும், அல்லது சர்வர் டொமைனில் சேர்க்க வேண்டும் என்றால் ஹோம் உதவாது. புரோ வேண்டும். புரோவை ஆரம்பத்திலேயே பெட்டியோடு கேட்டு வாங்குங்கள். ஹோம் வாங்கிவிட்டுக் கடையில் "புரோவா மாத்தித் தர்றோம்" என்றால் அதற்கான தொகை பில்லில் தனி வரியாக வர வேண்டும். வராவிட்டால் அது கிராக், அதாவது உரிமமின்றி ஓடவைத்த திருட்டுப் பதிப்பு.

சில குறைந்த விலை லேப்டாப்கள் எஸ் மோடில் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகள் தவிர வேறு எதுவும் ஏறாது. டேலி ஏறவில்லை, பிரின்டர் டிரைவர் ஏறவில்லை என்று கடைக்கு ஓட வேண்டாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்திலிருந்து ஸ்டோருக்குப் போய் இலவசமாகவே வெளியேறலாம். ஒருமுறை வெளியேறினால் திரும்ப முடியாது, திரும்ப வேண்டிய தேவையும் வராது.

கவுண்டரில் அரை மணி நேரம்

பணம் கொடுக்கும் முன் இந்த அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். "நாங்களே செட் பண்ணி வைக்கிறோம் சார், ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்பார் பையன். "இல்ல தம்பி, என் எதிர்லயே சீல் பிரிங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. விண்டோஸ் 11 ஹோம் முதல்முறை ஆன் ஆகும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். கடையில் அவசரத்துக்குத் தங்கள் கணக்கையே போட்டு முடித்துவிடுவதுண்டு. அப்படிச் செய்தால் இரண்டு சிக்கல். ஒன்று, பெட்டியோடு வந்த ஆஃபிஸ் அந்தக் கணக்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உங்கள் கணக்குக்கு மாற்ற வழி கிடையாது. இரண்டாவது இன்னும் மோசம். புது லேப்டாப்களில் கணக்கு போட்டதுமே டிஸ்க் தானாகக் குறியாக்கம் ஆகிவிடும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி எந்தக் கணக்கு போட்டோமோ அதில் சேமிக்கப்படும். ஒரு வருடம் கழித்து பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரையில் "ரெக்கவரி கீ" கேட்டால், அது கடைக்காரரின் கணக்கில் இருக்கும். அவர் கடையை மாற்றியிருந்தாலோ கணக்கை மறந்திருந்தாலோ உங்கள் கோப்புகள் அவ்வளவுதான்.

எனவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு திறந்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஓடிபி வரும் போன் கையில் இருக்கட்டும், டேட்டாவும் இருக்கட்டும்; கடை வைஃபையை நம்ப வேண்டாம். ஹாட்ஸ்பாட் போட்டு உங்கள் கணக்கிலேயே முதல் அமைப்பை முடியுங்கள்.

டெஸ்க்டாப் திரை வந்ததும் இதைச் செய்யுங்கள்:

1. பெட்டியின் மேல் ஒட்டியுள்ள மாடல் எண், சீரியல் எண் இரண்டும் கணினியின் அடியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பில்லிலும் அதே சீரியல் எண் வர வேண்டும்.

2. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, கேள்விக்குறி விசையில் உள்ள சாய்கோடு, அதை ஒட்டி டி, எல், ஐ. என்டர் அடித்தால் சில நொடியில் ஒரு சின்னப் பெட்டி வரும். இரண்டாவது வரியில் "சேனல்" என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதே விஷயம்.

3. மறுபடி அதே ஐந்து எழுத்து, இடைவெளி, சாய்கோடு, இந்த முறை எக்ஸ், பி, ஆர். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வர வேண்டும். ஏதாவது ஒரு தேதி போட்டு அன்று காலாவதியாகும் என்று வந்தால் கையைக் கட்டிக்கொண்டு விளக்கம் கேளுங்கள்.

பிராண்டட் கணினியில் சேனல் பகுதியில் ஓஇஎம்_டிஎம் என்று வந்தால் சரி; பயாஸில் உள்ள சாவியே ஓடுகிறது. வால்யூம்_கேஎம்எஸ் என்று ஆரம்பித்தால் அது பெரிய நிறுவனங்கள் சொந்த சர்வர் வைத்து 180 நாளுக்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய உரிமம். தனி மனிதர் கணினியில் அது இருக்க நியாயமே இல்லை. வால்யூம்_மேக் என்று வந்தால் யாரோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த சாவி பங்கு போடப்பட்டிருக்கிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாவிகளில் இந்த வகை நிறைய. இன்று வேலை செய்யும், அந்தச் சாவியை முடக்கும் நாளில் நின்றுபோகும்.

ரீடெயில் என்று வந்தால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸும் ரீடெயில் என்றே காட்டும், இப்போது புழங்கும் சில கிராக்குகளும் ரீடெயில், நிரந்தரம் என்றே காட்டும். அதே பெட்டியில் காட்டும் சாவியின் கடைசி ஐந்து எழுத்து 3வி66டி என்று இருந்தால் அது உலகம் முழுவதற்கும் பொதுவான புரோ சாவி. முறையாக அப்கிரேட் ஆன கணினியிலும் அது வரும், கிராக் அடித்ததிலும் வரும். திரையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கையில் பில்லும் சாவி அட்டையும் இருக்கின்றனவா என்பதே ஆதாரம்.

ஆஃபிஸ்: இலவசம் என்றால் எந்த இலவசம்

பெட்டியோடு வரும் ஆஃபிஸில் இரண்டு வகை உண்டு. ஒருமுறை வாங்கினால் அந்தக் கணினி இருக்கும்வரை ஓடுவது ஒன்று: ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் 2021, அதற்குப் பின் வந்த ஹோம் 2024. சந்தா வகை இன்னொன்று: மைக்ரோசாஃப்ட் 365, முதல் வருடமோ முதல் மாதமோ மட்டும் சேர்ந்து வரும். பிறகு ஆண்டுதோறும் கட்ட வேண்டும். "எம்எஸ் ஆஃபிஸ் ஃப்ரீ" என்று கொட்டேஷனில் இருந்தால் இரண்டில் எது என்று பெயரோடு எழுதி வாங்குங்கள்.

விண்டோஸ் முதல்முறை ஆக்டிவேட் ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் இந்தச் சலுகையை உங்கள் கணக்கில் ஏற்றிவிட வேண்டும். தாண்டினால் சலுகை காலாவதி. மகள் கல்லூரி திறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்தவர்கள் இழப்பது இப்படித்தான். வாங்கிய அன்றே வேர்டைத் திறந்து, வரும் திரையில் உங்கள் கணக்கைக் காட்டி முடித்துவிடுங்கள்.

ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் வீட்டுக்கும் படிப்புக்கும்தான், தொழிலுக்கு அனுமதி இல்லை. அலுவலகத்துக்கு என்றால் ஹோம் அண்ட் பிசினஸ் வாங்க வேண்டும். அவுட்லுக்கும் அதில்தான் உண்டு. மாணவர்களுக்கு இன்னொரு விஷயம்: பல கல்லூரிகள் தங்கள் மின்னஞ்சலோடு ஆஃபிஸையும் கொடுக்கின்றன. சேர்க்கை முடிந்து அந்த மின்னஞ்சல் வரும்வரை தனியாக ஆஃபிஸ் வாங்காதீர்கள்.

ஆன்டிவைரஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. பெட்டியோடு வந்த சோதனைப் பதிப்பு காலம் முடிந்ததும் அதை முழுவதும் நீக்கினால் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். நீக்காமல் விட்டால் தினம் ஒரு சிவப்பு அறிவிப்புதான் மிச்சம்.

அசெம்பிள்டு வாங்குவோருக்கு

காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்கள் வாங்கி வந்தாலும், இங்கேயே சொல்லிப் பூட்டினாலும் விண்டோஸ் தனிச் செலவுதான். இதில் இரண்டு உரிமம் உண்டு: கணினி பூட்டித் தருவோருக்கென விற்கும் ஓஇஎம், எல்லோருக்குமான ரீடெயில். ஓஇஎம் மலிவு, ஆனால் பிராண்டட் போலவே போர்டோடு ஒட்டியது. ரீடெயில் கொஞ்சம் கூடுதல், ஆனால் கணினி மாறினாலும் கூடவே வரும்.

ஒரு கோடை இடி மழையில் போர்டு போகிறது என்று வையுங்கள். ரீடெயில் வைத்திருப்பவர் புதுப் போர்டு போட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் வன்பொருள் மாற்றியதைச் சொன்னால் போதும். ஓஇஎம் வைத்திருப்பவர் மறுபடி வாங்க வேண்டும். எட்டு வருடம் ஒரே கணினியில் இரண்டு முறை போர்டு மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு ரீடெயில். வாங்கியதை அப்படியே ஓட்டுபவருக்கு ஓஇஎம். பழைய கணினியைக் கழிக்கும் முன் ரீடெயில் சாவியை விடுவிக்க அதே ஐந்து எழுத்தோடு சாய்கோடு, யு, பி, கே.

பிராண்டட் கணினியில் வாரண்டிக்குள் போர்டு போனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற வேண்டும். அவர்கள் புதுப் போர்டில் சாவியை எழுதித் தர வேண்டும். சில நேரம் மறந்துவிடுவார்கள். வாங்கி வரும் முன் அங்கேயே டி, எல், ஐ கட்டளையைப் போட்டு ஓஇஎம்_டிஎம் வருகிறதா பாருங்கள்.

டேலி: யார் மின்னஞ்சலில்?

டேலி எப்போதும் தனியாக வாங்க வேண்டிய சரக்கு. கம்ப்ளீட் செட்டில் டேலி என்று இருந்தால் அது மூன்றில் ஒன்று: முறையான உரிமம், எஜுகேஷனல் மோட், அல்லது கிராக். எஜுகேஷனல் மோடில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும், கடைக்கணக்குக்கு ஆகாது.

ஒரே கணினிக்கு சில்வர், நெட்வொர்க்கில் பலர் சேர்ந்து வேலை செய்ய கோல்டு. இரண்டுமே ஒருமுறை வாங்கினால் நிரந்தரம். முதல் ஆண்டுக்கு டிஎஸ்எஸ் எனும் டேலியின் ஆண்டுச் சேவைச் சந்தா சேர்ந்து வரும். ஆண்டு முடிந்து டிஎஸ்எஸ் புதுப்பிக்காவிட்டாலும் டேலி நிற்காது, புதுப் பதிப்புகளும் இணையச் சேவைகளும்தான் நிற்கும். "ரினிவல் கட்டலைன்னா டேலி ஓப்பன் ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜிஎஸ்டி மாற்றங்கள் அடிக்கடி வருவதால் வரி கட்டும் தொழிலுக்குப் புதுப்பிப்பது நல்லது, அது வேறு விஷயம்.

உரிமம் பதியும்போது ஒரு மின்னஞ்சல் கேட்கும். ஆக்டிவேஷனுக்கான குறியீடு அதற்குத்தான் வரும். அங்கே விற்றவர் தன் மின்னஞ்சலைப் போட்டால் உரிமத்தின் குடுமி அவர் கையில். கணக்குப்பிள்ளை மின்னஞ்சலும் வேண்டாம், அவர் வேலையை விட்டுப் போகலாம். முதலாளி பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, பில்லின் மேலேயே அதை எழுதிவைத்துவிடுங்கள்.

கணினியை ஃபார்மட் அடிக்கும் முன் எஃப்1, செட்டிங்ஸ், லைசென்ஸ், சரண்டர். இதைச் செய்யாமல் அடித்துவிட்டால் உரிமம் பழைய கணினியில் இருப்பதாகவே டேலி நினைத்துக்கொண்டிருக்கும். மீட்க அந்த மின்னஞ்சல் வேண்டும். டேட்டா வேறு, உரிமம் வேறு: எண்களால் பெயரிட்ட கம்பெனி ஃபோல்டர்களை பென்டிரைவுக்கு எடுத்த பிறகே சரண்டர்.

லாங் பஜார் மளிகை, துணிக்கடைகளில் வைக்கும் பில்லிங் மெஷின் பெட்டியில் டச் ஸ்கிரீன், தெர்மல் பிரின்டர், உள்ளூர் பில்லிங் சாஃப்ட்வேர் மூன்றும் ஒரே விலையில் வரும். அங்கே விலையைப் பிரிப்பதைவிட முக்கியமான கேள்வி: சரக்குப் பட்டியலையும் விற்பனையையும் எக்ஸெலாக நாமே எடுக்க முடியுமா? அதைக் கவுண்டரில் செய்து காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் ஆண்டுப் பராமரிப்புத் தொகையை அவர்கள் எவ்வளவு ஏற்றினாலும் கட்டித்தான் ஆக வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்

சென்னை, பெங்களூரு கம்பெனிகளிலிருந்து கழித்த டெஸ்க்டாப்கள் இங்கே நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. மேலே விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருக்கிறது, அதனால் ஒரிஜினல் என்பார்கள். விண்டோஸ் 7, 8 சாவிகளை வைத்துப் புதிதாக 10, 11ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. இன்டெல் பிராசஸரில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே என்றால் விண்டோஸ் 11க்கு ஏற்பில்லாத இயந்திரம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தடையைச் சுற்றிக்கொண்டு 11ஐ ஏற்றித் தருவார்கள். ஓடும், ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட்டைக் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

இந்த இயந்திரங்களுக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட், எம்எஸ் ஆஃபிஸுக்குப் பதில் லிப்ரே ஆஃபிஸ் பொருத்தம். மென்பொருள் செலவு பூஜ்யம். ஆனால் வாங்கும் முன் மேசைமேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் காணும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் மல்லுக்கட்டும். இ-சேவை, ஆதார் சார்ந்த வேலைக்கு வைத்திருக்கும் மந்த்ரா கைரேகைக் கருவியை இயக்கும் ஆர்டி சர்வீஸ் மென்பொருளுக்கு மேசைக் கணினியில் விண்டோஸ் தேவை. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் விண்டோஸுக்குக் காசு ஒதுக்கிவிடுங்கள்.

பில், வரி

கணினிக்கும் மென்பொருளுக்கும் ஜிஎஸ்டி ஒன்றே, 18 சதவீதம். ஆகவே சேர்த்து எழுதினாலும் பிரித்து எழுதினாலும் வரி மாறாது. பிரித்து எழுத மறுக்க வரியைக் காரணம் சொல்ல முடியாது. ஜிஎஸ்டி பதிவுள்ள தொழிலுக்கு இந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்; காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிடையாது. பில் போடாமல் "ஜிஎஸ்டி இல்லாம முடிச்சுக்கலாம்" என்றால் வாரண்டியும் சந்தேகம், மென்பொருளுக்கான ஒரே ஆதாரமும் போச்சு. தொழிலில் தெரிந்தே திருட்டுப் பதிப்பு ஓட்டுவது பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் வரும்: குறைந்தது 7 நாள், அதிகம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

ஆன்டிவைரஸ் வாங்கினால்தான் இந்த லேப்டாப் தருவோம் என்று கட்டாயப்படுத்துவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் தடைசெய்யும் வணிக நடைமுறைக்குள் வரும். பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

வருமான வரியில் கணினிக்கும் கணினி மென்பொருளுக்கும் ஒரே தேய்மான விகிதம், 40 சதவீதம். அனுமானக் கணக்கில் (விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று வைத்து) வரி கட்டும் சின்னக் கடைகளுக்கு இது தனியாகக் கிடைக்காது. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான். மார்ச் 31லிருந்து பின்னோக்கி எண்ணினால் கடைசி நாள் அக்டோபர் 3 வருகிறது. ஆயுத பூஜை ஆஃபர் அதற்குப் பிறகு விழும் ஆண்டில், ஆஃபரில் குறையும் தொகையையும் அந்த ஆண்டு தள்ளிப்போகும் 20 சதவீதத்தையும் ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.